கூடுதலாக அமைந்த நாளமும் இதயச் சத்திரசிகிச்சையும்: வன்னியிலிருந்து சில அனுபவங்கள்

கரைச்சியிலிருந்து ஒரு தாய்:

எனது இளைய மகனுக்கு இதயவறைகளுக்கு இடையிலான சுவரில் துவாரம் இருப்பது கைக்குழந்தைப் பருவத்திலேயே தெரிந்திருந்தது. சத்திரசிகிச்சைக்கு முன்னர் கொழும்பில் மீண்டும் எக்கோ எடுத்தபோது, இதயத் தசையின் இரத்தத்தைத் திரட்டும், இதயத்தின் பின்புறத்தில் உள்ள கொரோனரி சைனஸ் என்னும் நாளம் வழமையை விட விரிந்திருப்பதை வைத்தியர் கவனித்தார். உடனே மகனின் இடது கையில், சிறிதளவு காற்றுடன் குலுக்கி நுரைக்கச் செய்த சேலைனை ஊசி மூலம் செலுத்தினார்கள். குமிழ்கள் முதலில் அந்த விரிந்த நாளத்திலும் அதன் பின்னரே வலது சோணையறை எனும் இதயத்தின் வலது மேலறையிலும் தோன்றியதைத் திரையில் நானும் பார்த்தேன். மேலுடலின் இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் மேற்பெருநாளம் வழமையாக வலப்பக்கத்தில் ஒன்றுதான்; கழுத்தின் இடப்பக்கத்திலிருந்து இறங்கும் இன்னொன்றும் மகனுக்கு இருப்பதை அது காட்டுவதாகச் சொன்னார்கள்.

கருவில் எல்லோருக்கும் இரு பக்கமும் இந்த நாளம் இருக்கிறதாம். ஏறத்தாழ எட்டாவது வாரத்தில் இரண்டையும் இணைக்கும் குறுக்கு நாளம் உருவானதும் இடப்பக்கத்து நாளம் சுருங்கி மறைகிறது. சிலரில் மட்டும் மறையாமல் நின்றுவிடுகிறது. 1000 பேரில் 3 முதல் 5 பேருக்கு இது காணப்படும் என்றும், பிறவி இதயக் குறைபாடுள்ள பிள்ளைகளில் இன்னும் அதிகம் என்றும் வைத்தியர் விளக்கினார். இதனால் பிள்ளைக்கு எந்தக் கெடுதியும் இல்லை என்று சொன்னவரே, இதைக் கண்டதும் சத்திரசிகிச்சைத் திட்டத்தை மாற்றி எழுதினார். கெடுதி இல்லாத ஒன்றுக்காக ஏன் திட்டம் மாற வேண்டும் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

வவுனியாவிலிருந்து, இதயச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்:

தங்கையின் கேள்விக்கு என்னால் இயன்றவரை பதில் எழுதுகிறேன். இதயத்தைத் திறந்து வேலை செய்வதற்கு, உடலிலிருந்து திரும்பி வரும் இரத்தம் முழுவதையும் இதயத்துக்குள் போகவிடாமல் இதய நுரையீரல் இயந்திரத்துக்குத் திருப்ப வேண்டும். மேற்பெருநாளத்தில் ஒன்றும் கீழ்ப்பெருநாளத்தில் ஒன்றுமாகக் குழாய்களை வைத்து, அவற்றைச் சுற்றி நாடா இட்டு இறுக்கியதும் வலது சோணையறை வெறுமையாகிவிடும். இடது மேற்பெருநாளம் இருப்பவரில் அது வெறுமையாகாது. இரணைமடுவின் கீழ் வயல் செய்பவர்களுக்கு நான் இதைச் சொல்லி விளக்குவதுண்டு: இரண்டு வாய்க்காலையும் அடைத்துவிட்டு வயலைக் காயவிட்டிருக்கையில், மூன்றாவது வாய்க்கால் ஒன்று பின்பக்கத்தால் நீரைக் கொண்டுவந்துகொண்டே இருக்கிறது.

அந்த மூன்றாவதைச் சிறிது நேரம் அடைத்து வைக்கலாமே என்று தோன்றும். இரு பக்கத்தையும் இணைக்கும் குறுக்கு நாளம் போதிய அளவில் இருந்தால் அடைக்கலாம். அது இல்லாதவரில் அடைத்தால், தலையின் இடப்பக்கத்து இரத்தம் வடிய வழியின்றி மூளையின் நாளங்களில் அழுத்தம் ஏறிவிடும். ஆகவே நாளத்தை மெதுவாக அடைத்து மேற்பகுதியின் அழுத்தத்தை அளந்து பார்ப்பார்கள். அது ஏறினால் அந்த நாளத்துக்கும் தனியாக ஒரு குழாய் வைப்பார்கள்.

இரண்டாவது காரணம் இதைவிட நுட்பமானது. இதயத்தை நிறுத்தி அதன் தசையைக் காப்பதற்குக் கார்டியோபிளீஜியா என்ற குளிர்ந்த கரைசலைக் கொடுப்பார்கள். அதை, இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் அடியிலிருந்து முன்னோக்கியும் கொடுக்கலாம், கொரோனரி சைனஸ் வழியாகப் பின்னோக்கியும் கொடுக்கலாம். சிறுவயதில் வாத காய்ச்சல் வந்து பெருநாடி வால்வு கடுமையாக ஒழுகும் நிலையில் வந்த முல்லைத்தீவுக் கடற்றொழிலாளி ஒருவரை நான் மறக்கவில்லை. ஒழுகும் வால்வின் மேல் ஊற்றும் கரைசல் இதயவறைக்குள்ளேயே வடிந்துவிடும் என்பதால், இப்படிப்பட்டவர்களுக்குப் பின்னோக்கிய வழியையே பலர் விரும்புவார்கள். அவருக்கோ இடது மேற்பெருநாளம் இருந்தது. அவரது சைனஸில் கரைசலைச் செலுத்தினால் அது தசையைச் சேராமல் அந்த நாளத்தின் வழியே கழுத்துப் பக்கமாக ஓடிவிடும். திரையில் இதயம் நின்றிருப்பதாகத் தோன்றும். உள்ளே தசை பட்டினி கிடக்கும். முன்கூட்டியே தெரிந்திருந்தபடியால், பெருநாடியைத் திறந்து, இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடிகளின் வாய்களில் நேரடியாகக் கரைசலைக் கொடுத்து வால்வை மாற்றினார்கள். அன்று கூடத்தில் எவரும் பதறவில்லை. எக்கோ அறிக்கையில் இருந்த ஒற்றை வரிக்கே அந்தப் பெருமை சேரும் என்பது என் எண்ணம்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஓர் ஆசிரியை:

என்னுடையது வேறு வகை. இரு சோணையறைகளுக்கும் இடையில் எனக்குத் துவாரம் இருந்தது. என் மச்சாளுக்கும் அப்படித்தான் இருந்தது. அவருக்குத் தொடை நாளம் வழியாகச் சிறு கருவியைக் கொண்டுபோய் மூடிவிட்டார்கள். எனக்கு மட்டும் நெஞ்சைத் திறக்க வேண்டும் என்றபோது, பணம் பார்க்கிறார்கள் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. உண்மை என்னவென்றால், எனது துவாரம் சுவரின் உச்சியில், மேற்பெருநாளம் வந்து சேரும் இடத்தில் இருந்தது. அத்துடன், இடது சோணையறைக்குப் போக வேண்டிய வலது சுவாசப்பையின் மேல் நாளம் மேற்பெருநாளத்தில் இணைந்திருந்தது. துவாரத்தை மட்டும் மூடிவிட்டால் அந்த நாளத்தின் இரத்தம் சரியான பக்கத்துக்குப் போய்ச் சேராது.

சாதாரண எக்கோவில் இது தெளிவாகத் தெரியவில்லை. உணவுக்குழாய் வழியான எக்கோவும் சி.டி. ஸ்கானும் எடுத்த பின்னரே உறுதியானது. ஹேர்பர்ட் வார்டனும் அவரது குழுவினரும் 1984இல் வெளியிட்ட முறையைப் பயன்படுத்தினார்கள். மேற்பெருநாளத்தை அந்தப் பிழையான இணைப்புக்கு மேலாக வெட்டி, மேல்முனையை வலது சோணையறையின் காதுமடல் போன்ற பகுதியில் தைத்துவிட்டு, எஞ்சிய கீழ்ப்பகுதியின் இரத்தத்தை அதே துவாரத்தின் ஊடாக இடது பக்கத்துக்குத் திருப்பினார்கள். இதயத் துடிப்பு தொடங்கும் கணு அருகில் இருப்பதால், இப்போதும் ஒவ்வொரு கிளினிக்கிலும் ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள்.

மல்லாவியிலிருந்து ஒரு தந்தை:

எங்கள் மகளுக்குக் கீழ்ப்பெருநாளமே பிறவியிலேயே ஈரலருகில் அறுபட்டிருக்கிறது. கீழுடலின் இரத்தம் முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் அசைகஸ் என்ற நாளத்தின் வழியாக மேலேறி மேற்பெருநாளத்தில் சேர்கிறது. ஈரலின் நாளங்கள் மட்டும் தனியாக இதயத்தை அடைகின்றன. தொடை வழியே செலுத்திய கதீற்றர் என்ற மெல்லிய குழாய் எதிர்பார்த்த பாதையை விட்டுப் பின்னால் போனபோதுதான் இது தெரியவந்தது. அசைகஸைக் கட்டினால் கீழுடலின் இரத்தம் முழுவதும் தேங்கிவிடும் என்பதால், சத்திரசிகிச்சைக்கு முன்பே அதைச் சிவப்பு மையில் எழுதி வைத்தார்கள்.

கரைச்சியிலிருந்து அதே தாய்:

வவுனியா அக்காவுக்கு நன்றி. மகன் நலமாக இருக்கிறான். இடது கையில் சேலைன் ஏற்றலாமா என்று இன்னொரு கேள்வி உண்டு.

வவுனியாவிலிருந்து:

அந்த நாளம் கொரோனரி சைனஸ் வழியாக வலது சோணையறையை அடைவதாக அறிக்கையில் இருந்தால் தடையில்லை. பெரும்பாலானவர்களில் அப்படித்தான் இருக்கும். சிலரில் அது இடது சோணையறையில் திறக்கிறது. அவர்களுக்கு இடது கையில் ஏற்றும் மருந்திலுள்ள காற்றுக்குமிழோ இரத்தக்கட்டியோ சுவாசப்பையில் வடிகட்டப்படாமல் நேரே மூளைக்குப் போகக்கூடும் என்பதால் மிகுந்த கவனம் வேண்டும். மகனின் கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் மூன்று விடயங்களை வைத்தியரைக் கொண்டே எழுதுவியுங்கள்: இடது மேற்பெருநாளம் எங்கே திறக்கிறது, வலப்பக்கத்து நாளமும் இருக்கிறதா, குறுக்கு நாளம் உண்டா. பின்னாளில் கழுத்தில் நாளக் குழாய் வைப்பவருக்கும் இடது தோள் வழியாகப் பேஸ்மேக்கர் வைப்பவருக்கும் அவை தேவைப்படும்.