நோவா கணக்கு: 150 நாளில் ஒரு சந்தேகம், எபிரேயம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

நோவாவின் வெள்ளத்துக்கு முன் ஆண்டுக்கு 360 நாள்தான் என்ற படைப்புவாத (பைபிளின் படைப்புக் கதையை அப்படியே வரலாறாகக் கொள்ளும்) வாதத்தைச் சரிபார்க்கிறேன். ஆதியாகமம் 7:11-இல் வெள்ளம் தொடங்குவது இரண்டாம் மாதம் 17, 8:4-இல் பேழை அமர்வது ஏழாம் மாதம் 17. இடையே ஐந்து மாதம். 7:24-உம் (நீர் மேலோங்கியது) 8:3-உம் (நீர் வடிந்தது) 150 நாள் என்கின்றன. மாதம் 30 நாள் என்றால் சரியாக வருகிறது. சந்திர மாதம் 29.53 நாள், ஐந்துக்கு 147.65தான். யூபிலி என்ற பழைய யூத நூலின் 364 நாள் ஆண்டில் (30, 30, 31) 152 ஆகிவிடும்.

சாக்கடல் சுருள்களில் ஒன்றான கும்ரான் சுருள் 4கியூ252 அந்த 364 நாள் ஆண்டை வைத்தே இதைச் சமாளிக்கும் விதம் அழகு: தொடக்க நாளையும் சேர்த்து எண்ணி, 150-ஐ ஏழாம் மாதம் 14-இல் முடித்து, இரண்டு நாள் நீர் வடியவிட்டு, 17-இல் பேழையை அமர்த்துகிறது.

முப்பது நாள் மாதம் மட்டுமே 360 நாள் ஆண்டுக்குச் சான்றாகாது. எகிப்தியர் 12×30 வைத்து 5 நாள் கூட்டினார்கள். பாபிலோனியரின் முல்.அபின் வானியல் பலகைகளிலும் 360 ஒரு கணக்கு வசதி, கூடுதல் மாத விதிகள் கூடவே உண்டு. டெவோனியன் என்ற தொல் புவியியல் காலத்தின் பவள வளர்ச்சி வளையங்களோ ஆண்டுக்கு சுமார் 400 நாள் காட்டுகின்றன, அதாவது நேர் எதிர்த்திசை!

என் கேள்வி: 7:24, 8:3 இரண்டும் ஒரே 150 நாளா, அடுத்தடுத்த இரண்டா? 8:3-இன் எபிரேய வினை எதைத் தாங்குகிறது? வசனத்தோடு சொல்லுங்கள்.