சாட்சி சொன்னதால் மாத்திரையை நிறுத்தலாமா?

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு ஸ்தோத்திரம்.

டிசம்பரில் ஊரில் மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம் வைக்க, வெளியில் இருக்கிற நம் ஊர்க்காரர் சங்கப் பணத்திலிருந்து உதவலாமா என்று போன வாரம் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். கூட்டம் வைக்கட்டும், ஜெபிக்கட்டும், எனக்குத் தடையில்லை. ஆனால் மாத்திரையைத் தூக்கிப்போடு என்று மேடையில் சொல்கிற ஊழியக்காரருக்கு நாம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

என் சித்திக்குப் பல வருடமாகச் சர்க்கரை. இப்படி ஒரு கூட்டத்தில் தலையில் கை வைத்து ஜெபித்ததும் சுகமாகிவிட்டது என்று மேடையேறிச் சாட்சி சொல்லிவிட்டார்கள். சாட்சி சொன்ன பிறகு மாத்திரை போட்டால் கர்த்தரைச் சந்தேகிப்பது ஆகிவிடுமே என்ற பயம். யாரிடமும் மூச்சு விடவில்லை. நான் லீவில் போனபோது காலில் கட்டு. பீரோ மேலே ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது, திறந்து பார்த்தால் மூன்று மாதத்து மாத்திரை அட்டைகள், ஒன்றுகூடப் பிரிக்காமல். சித்தப்பா வாங்கிக் கொடுக்கக் கொடுக்க அதில் போட்டு வைத்திருக்கிறார்கள். பெருவிரலில் தொடங்கிய புண், கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்க விசுவாசத்துலதான் குறையோ மக்களே?" என்று கேட்டார்கள். விரல் போனதைவிட அந்தக் கேள்விதான் என்னை இன்னும் அறுக்கிறது.

மருந்து சாப்பிட்டால் விசுவாசக் குறைவு என்று வேதத்தில் எங்கே இருக்கிறது? சாகக் கிடந்த எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தான், பதினைந்து வருஷம் ஆயுசு கூட்டிக் கொடுக்கப்பட்டது, அப்புறமும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் (கட்டியின்மேல்) பற்றுப்போடச் சொன்னார். தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு அப்போஸ்தலன் பவுல் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார். அதே பவுலோடு இருந்த லூக்கா வைத்தியர். தேவாலய உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று வசனத்தைக் காட்டியே சோதித்தது பிசாசு, குதிக்க மறுத்தவர் இயேசு. மருந்தை நிறுத்திவிட்டுக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பதும் அந்தக் குதிப்புதான். வைராக்கியம் உண்டு, அது அறிவுக்கேற்றதல்ல என்று ரோமர் 10இல் பவுல் தன் சொந்த ஜனத்தைப் பற்றி எவ்வளவு மனவேதனையோடு எழுதுகிறார். அந்த வைராக்கியத்தால் சபையைத் துன்பப்படுத்தியவர் அவரே.

நம் பக்கத்தில், கன்னியாகுமரி மாவட்டத்தில், மிஷன் ஆஸ்பத்திரி உள்ள நெய்யூர் இருக்கிறதே. 1838இல் மிஷனெரி டாக்டர் ராம்சே அங்கே வைத்திய ஊழியத்தைத் தொடங்கினார். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேய அறுவைச் சிகிச்சை டாக்டர் சாமர்வெல், அங்கே காத்துக்கிடந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டு லண்டன் வேலையை வேண்டாம் என்று விட்டு வந்து கத்தியைப் பிடித்தார். அவருக்குப் பக்தி குறைவா? நம் தாத்தா பாட்டிமார் பிழைத்தது ஜெபத்தாலும் அந்தக் கத்தியாலும்தான்.

கூட்டத்துக்குப் பணம் கொடுப்பதானால், யாரும் மருந்தை நிறுத்தக் கூடாது என்று மேடையிலேயே சொல்ல வேண்டும், அதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்வோம். இன்னொன்று, சாட்சி வீடியோக்களை வீட்டுக்கு அனுப்புவது நாமும்தான், சித்திக்கு நானே இரண்டு மூன்று அனுப்பியிருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவோடு பேசும்போது மாத்திரை அட்டையைப் போன் கேமராவுக்கு முன்னால் காட்டச் சொல்லுங்கள். எத்தனை பிரித்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.