எஸ்சிஎக்ஸ்10 டூ: ரியர் ஆக்ஸில் ஹவுசிங் மாற்றிய பிறகு ஏற்றத்தில் மட்டும் 'கடக் கடக்' சத்தம், உதவி தேவை

பாறைப்பல்லி:
எல்லோருக்கும் வணக்கம். என் வண்டி ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்10 டூ, ரிமோட்டில் ஓட்டும் பாறையேறும் மாடல் வண்டி (ஆர்சி கிராலர்), 313 மி.மீ. வீல்பேஸ். 35 டர்ன் பிரஷ்டு மோட்டார், 3எஸ் லைப்போ பேட்டரி, 1.9 அங்குல ரிம்மில் 120 மி.மீ. டயர். முன்பக்கம் வண்டியோடு வந்த ஏஆர்44 ஆக்ஸில் அப்படியே இருக்கிறது. பின்பக்கம் மட்டும் பிளாஸ்டிக் ஹவுசிங்கை (ஆக்ஸில் கியர்களை மூடியிருக்கும் கூடு) எடுத்துவிட்டு, வெளியே வாங்கிய அலுமினிய ஹவுசிங் போட்டேன். எப்படியும் பிரிக்கிறோமே என்று உள்ளே இருக்கும் கியர் ஜோடியையும் (பெரியது கிரவுன், அதைச் சுற்றவைக்கும் சிறியது பினியன்) மாற்றினேன். பல் எண்ணிக்கை பழையது 30/8, புதியது 33/8.

ஸ்டாண்டில் வைத்து ஓட்டினால் சத்தமே இல்லை. சமதரையிலும் இல்லை. முன் டயர் பாறை மேல் ஏறி, பின் டயர் முழு பாரத்தோடு தள்ளும்போது மட்டும் பின்னாலிருந்து 'கடக் கடக்' என்கிறது. ரிவர்ஸில் ஏறினாலும் அதேதான். முன்னும் பின்னும் ரேஷியோ வேறாக இருப்பதுதான் காரணமா? பழைய 30/8-க்கே போய்விடலாமா?

ஆலன்கீ:
ரேஷியோவை மாற்ற வேண்டாம் நண்பரே, அது நல்ல செட்டிங். 30/8 என்றால் 3.75, 33/8 என்றால் 4.125. அதாவது முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட 10 சதவீதம் வேகமாகச் சுற்றும். முன்பக்கம் இழுத்துக்கொண்டே இருப்பதால் செங்குத்து ஏற்றத்தில் மூக்கு தூக்காது, வளைவிலும் வண்டி நன்றாக மடங்கும். பலர் வேண்டுமென்றே செய்வதுதான் இது. பிடிப்பு அதிகமான சிமென்ட் தரையில் நீண்ட நேரம் ஓட்டினால் கியர்கள் ஒன்றை ஒன்று இழுத்து இறுகும், அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்வோம். பின் டிரைவ் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு முன் சக்கரத்தை மட்டும் வைத்து ஏற்றிப் பாருங்கள். அப்புறம் அதை மாட்டி, முன் ஷாஃப்டைக் கழற்றி ஏற்றுங்கள். இரண்டாவதில் மட்டும் சத்தம் வந்தால் கோளாறு பின்பக்கம்தான். ஸ்லிப்பர் கிளட்ச் (பாரம் மிஞ்சினால் வழுக்கி கியரைக் காக்கும் பாகம்) வழுக்கினால் 'சர்ர்' என்று இழுபடும் சத்தம் வரும், 'கடக்' என்று வராது. பின் சக்கரத்தைக் கழற்றி, 12 மி.மீ. ஹெக்ஸும் (சக்கரம் மாட்டும் அறுகோணத் துண்டு) அதற்குள் இருக்கும் குறுக்குப் பின்னும் (சிறு கம்பி) ஒழுங்காக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஹெக்ஸ் தேய்ந்திருந்தாலும் இதே சத்தம்தான் வரும்.

மலைவண்டி:
எனக்கு டிரைவ் ஷாஃப்ட் மேல்தான் சந்தேகம். ஹவுசிங் மாற்றும்போது லிங்க் (ஆக்ஸிலைச் சேஸியோடு இணைக்கும் கம்பி) மாட்டும் இடம் கொஞ்சம் மேலே கீழே போனாலும் பினியன் பார்க்கும் கோணம் மாறிவிடும். ஏஆர்44-இல் பினியன் ஆக்ஸில் மையத்துக்கு மேலே இருப்பதே ஷாஃப்ட் கோணம் குறையத்தான். அந்த நன்மை புதிய ஹவுசிங்கில் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். சேஸியைக் கையில் தூக்கிப் பிடியுங்கள், பின் ஆக்ஸில் முழுக்கத் தொங்கட்டும், சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஏதாவது ஓரிடத்தில் ஜாயின்ட் முட்டி இறுகினால் மேல் லிங்கின் நீளத்தை மாற்றி பினியனைக் கொஞ்சம் மேல் நோக்கித் திருப்ப வேண்டும்.

பாறைப்பல்லி:
இரண்டு அண்ணன்களுக்கும் நன்றி. நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் பார்த்தேன். சத்தம் பின்பக்கம்தான். ஹெக்ஸும் குறுக்குப் பின்னும் நன்றாக இருக்கின்றன. ஆக்ஸிலைத் தொங்கவிட்டுச் சுற்றினால் எங்கும் இறுகவில்லை. ஆனால் ஹவுசிங்கைத் திறந்து பார்த்தபோது, கிரவுன் இடம் வலமாக நகர்வது கையிலேயே தெரிகிறது. பினியனில் அப்படி ஆட்டம் இல்லை. கிரவுன் பற்களின் நுனியில் மட்டும் மினுக்கம் இருக்கிறது, பல்லின் நடுப்பகுதி புதிது போலவே இருக்கிறது.

ஆலன்கீ:
விஷயம் அதுதான். பல் தாண்டுகிறது. பாரம் ஏறும்போது பினியனும் கிரவுனும் ஒன்றை ஒன்று விலக்கித் தள்ளும். விலக இடம் இருந்தால் பல்லின் நுனி மட்டுமே பிடிக்கும், இன்னும் பாரம் ஏறினால் தாண்டிவிடும். ஸ்டாண்டில் பாரமே இல்லை, அதனால்தான் அங்கே சத்தம் இல்லை. அலுமினியம் வலுவானது என்பதால் இது வராது என்று நினைக்க வேண்டாம். பேரிங் உட்காரும் பள்ளத்தை நூலளவு ஆழமாகக் கடைந்திருந்தாலே போதும். பிளாஸ்டிக் ஹவுசிங்கை ஸ்குரூ போட்டு இறுக்கும்போது அது பேரிங்கைக் கொஞ்சம் கவ்விப் பிடிக்கும், அலுமினியம் அப்படிச் செய்யாது.

ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய வளையம்) போட்டால் சரியாகிவிடும். பினியனைத் தொட வேண்டாம், கிரவுனிலிருந்து ஆரம்பியுங்கள். லாக்கரில் (கிரவுன் ஸ்குரூ போட்டு மாட்டப்பட்டிருக்கும் பாகம்) பல் இல்லாத முதுகுப் பக்கம், பேரிங்கை ஒட்டி 0.1 மி.மீ. ஷிம் ஒன்று போடுங்கள். கிரவுன் அந்த அளவுக்குப் பினியனை நெருங்கும். ஹவுசிங்கை மூடி எல்லா ஸ்குரூவையும் இறுக்கிய பிறகுதான் சோதிக்க வேண்டும், பாதி இறுக்கத்தில் பார்த்தால் ஏமாற்றும். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பினியனைக் கையால் அசைத்தால் மிகச் சிறிய ஆட்டம் தெரிய வேண்டும். ஒரு முழுச் சுற்றில் எங்கும் இறுகக் கூடாது. ஆட்டம் இன்னும் அதிகமாக இருந்தால் மேலும் 0.1 சேருங்கள். ஆட்டமே இல்லாமல் செய்துவிட்டால் மோட்டார் சூடாகும், பல்லும் சீக்கிரம் தேயும்.

கிரவுன் பற்களில் மார்க்கர் பேனாவால் கறுப்படித்து, சக்கரத்தைக் கையால் அழுத்திப் பிடித்தபடி சுற்றினால் பல் எங்கே உரசுகிறது என்று தெரியும். மை நடுவில் அழிய வேண்டும். பிறகு மையைத் துடைத்துவிட்டு, பற்களில் மட்டும் கெட்டி கிரீஸ் தடவினால் போதும். கிரவுனை லாக்கரோடு பிடிக்கும் ஸ்குரூக்களுக்கு அவை தானாகக் கழலாமல் பிடிக்கும் லாக் திரவம் கட்டாயம் போடுங்கள், அவை லூசானாலும் இதே கதைதான்.

மலைவண்டி:
ஆலன்கீ சொல்வது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மறுபடி பூட்டும்போது லாக்கரை இடம் வலம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். கிரவுன் எதிர்ப்பக்கம் போனால் பின் சக்கரம் தலைகீழாகச் சுற்றி முன் சக்கரத்தோடு சண்டை போடும். தரையில் இறக்கும் முன் ஸ்டாண்டில் வைத்து நான்கும் ஒரே திசையில் சுற்றுகின்றனவா என்று பாருங்கள்.

கியர்பெட்டி:
இவ்வளவு வேலைக்குப் பதில் பின்பக்கம் போர்ட்டல் ஆக்ஸில் போட்டுவிடலாமே? டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 அப்படித்தானே வருகிறது?

ஆலன்கீ:
போர்ட்டல் நல்லதுதான். சக்கரத்தின் அருகிலேயே இன்னொரு ஜோடி கியர் வேகத்தைக் குறைப்பதால் கிரவுன் பினியனுக்கும் ஷாஃப்டுக்கும் பாரம் குறைவு, ஆக்ஸிலும் தரையிலிருந்து உயரும். ஆனால் அதே காரணத்தால் பின்பக்கம் மட்டும் மாற்ற முடியாது. முன்னும் பின்னும் வேக வித்தியாசம் 10 சதவீதத்தை விட்டு எங்கோ போய்விடும். மாற்றினால் இரண்டையும் மாற்ற வேண்டும், செலவும் இரட்டிப்பு. இவருக்கு இப்போது தேவை சில ரூபாய் ஷிம்தான்.

பாறைப்பல்லி:
சரியாகிவிட்டது! முதுகுப் பக்கம் மொத்தம் 0.2 மி.மீ. ஷிம் பிடித்தது. மை பல்லின் நடுவில் அழிகிறது. அதே பாறையில் முழு பாரத்தோடு ஏற்றினேன், சத்தம் சுத்தமாக இல்லை. ரேஷியோவை 33/8-லேயே வைத்துக்கொள்கிறேன். ஒரே கேள்வி: அலுமினியத்தால் பின்பக்கம் எடை கூடியிருக்கிறது. அதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

ஆலன்கீ:
மகிழ்ச்சி. சமையலறைத் தராசில் முன் சக்கரங்களை வையுங்கள், அதே உயரத்துக்குப் புத்தகம் அடுக்கி அதில் பின் சக்கரங்களை வையுங்கள். அப்புறம் இடம் மாற்றி நிறுங்கள். மொத்த எடையில் 55 முதல் 60 சதவீதம் முன்னால் இருந்தால் கவலை வேண்டாம். குறைந்தால் பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள், அதுவும் போதாவிட்டால் முன் நக்கிளுக்கு (முன் சக்கரத்தைத் திருப்பும் மூட்டு) பித்தளை எடை போடுங்கள். பின் ஆக்ஸிலில் இனி எடை எதுவும் சேர்க்க வேண்டாம். சில பேட்டரி ஓடிய பிறகு ஹவுசிங்கை ஒருமுறை திறந்து பாருங்கள். புதிய கியர் கொஞ்சம் தேய்ந்து உட்காரும், அப்போது இன்னொரு 0.1 தேவைப்படலாம்.