மேற்கு வர்ஜீனியாவின் மூலப் பத்திரம்

கார்த்தி: இன்று எங்களுக்கு லீவு. ஜூன் 20, மேற்கு வர்ஜீனியாவின் பிறந்த நாள். 1863இல் வர்ஜீனியாவிலிருந்து பிரிந்து அமெரிக்காவின் 35ஆவது மாநிலமானது.

அகிலா அத்தை: வாழ்த்துகள். காலையில் சாப்பிட்டாயா?

பெரியப்பா: 1863 என்றால் உள்நாட்டுப் போர் நடந்த சமயம் ஆயிற்றே. தாய் மாநிலமான வர்ஜீனியா, பிரிந்துபோன தெற்கு மாநிலங்களோடு எதிரி முகாமில். அப்புறம் பிரிய யார் சம்மதித்தது?

கார்த்தி: அதுதான் வம்பே. அரசமைப்பின் நாலாவது பிரிவுப்படி தாய் மாநிலச் சட்டசபையும் சம்மதிக்க வேண்டும், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸும் சம்மதிக்க வேண்டும்.

நிவி: நம்மிடம் சட்டசபையின் கருத்தைக் கேட்டால் போதும். ஆந்திரச் சட்டசபை மசோதாவை நிராகரித்தும் 2014இல் தெலங்கானா வந்ததே.

பெரியப்பா: அங்கே அப்படித் தட்டிவிட முடியாது. வர்ஜீனியாவின் தலைநகரான ரிச்மண்டில் இருந்த சபையா கையெழுத்துப் போட்டது?

கார்த்தி: இல்லை பெரியப்பா. ரிச்மண்டில் 1861 ஏப்ரல் 17 அன்றே யூனியனை, அதாவது அமெரிக்க ஒன்றியத்தை, விட்டு விலகத் தீர்மானம் போட்டுவிட்டார்கள். அது பிடிக்காத மேற்குப் பக்கத்துக்காரர்கள் ஜூனில் வீலிங் என்ற ஊரில் கூடி, விலகியவர்கள் பதவி காலி, இனி நாங்கள்தான் வர்ஜீனியா அரசு என்றார்கள். பியர்பாண்ட் கவர்னர். ஜனாதிபதி லிங்கனும் ஏற்றுக்கொண்டார். அந்த அரசின் சட்டசபைதான் 1862 மே 13 அன்று சம்மதம் தந்தது.

பெரியப்பா: பிரித்துக் கொடு என்றவரும் அவரே, சரி எடுத்துக்கொள் என்றவரும் அவரே! நாற்பது வருடம் பத்திரம் எழுதியவன் நான். எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர் இரண்டு இடத்திலும் ஒரே கையெழுத்தோடு போயிருந்தால் சப்-ரிஜிஸ்ட்ரார் என்னைத் துரத்தியிருப்பார்.

நிவி: மக்களிடம் கேட்கவில்லையா?

கார்த்தி: 1861 அக்டோபரில் வாக்கெடுப்பு. ஆதரவு 18,408, எதிர்ப்பு 781.

பெரியப்பா: 781தானா? எதிர்ப்பவன் வீட்டிலேயே இருந்திருப்பான். இல்லை, போருக்குப் போயிருப்பான்.

கார்த்தி: லிங்கனும் இதை யோசித்திருக்கிறார். ஓட்டுப் போட வராதவர்களை எந்தத் தேர்தலிலும் கணக்கில் எடுப்பதில்லை என்பது அவர் வாதம். அமைச்சர்கள் ஆறு பேரிடம் கருத்து எழுதி வாங்கினார். மூன்றுக்கு மூன்று! அட்டர்னி ஜெனரல் பேட்ஸே வேண்டாம் என்றார். கடைசியில் 1862 டிசம்பர் 31 அன்று புது மாநில மசோதாவில் லிங்கன் கையெழுத்துப் போட்டார்.

நிவி: தெற்கு பிரிந்தால் துரோகம், இது மட்டும் சரியா?

கார்த்தி: அதற்கும் லிங்கன் பதில் வைத்திருந்தார். அரசமைப்புக்கு எதிராகப் பிரிவது வேறு, அதற்கு ஆதரவாகப் பிரிவது வேறு என்றார். காங்கிரஸ் உறுப்பினர் தடியஸ் ஸ்டீவன்ஸ் இந்தச் சுற்றெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. அரசமைப்பில் இதற்கு இடமில்லை, போர் தரும் அதிகாரத்தில் செய்கிறோம் என்று சொல்லிவிட்டே ஆதரித்தார்.

பெரியப்பா: அந்த ஆளைப் பிடித்திருக்கிறது.

அகிலா அத்தை: அண்ணா, ராத்திரி மாத்திரை போட்டாயிற்றா?

பெரியப்பா: போட்டுவிட்டேன் அம்மா. கோர்ட்டுக்குப் போனதா கார்த்தி?

கார்த்தி: போனது. பெர்க்லி, ஜெஃபர்சன் என்ற இரண்டு மாவட்டங்களைக் கேட்டு வர்ஜீனியா வழக்குப் போட்டது. 1871இல் உச்ச நீதிமன்றம் மேற்கு வர்ஜீனியா பக்கம் தீர்ப்பளித்தது. வீலிங் அரசு செல்லுமா என்று தோண்டவில்லை, செல்லும் என்றே வைத்துக்கொண்டது.

பெரியப்பா: வர்ஜீனியாவின் பழைய கடனில் பங்கு?

கார்த்தி: சரியாகப் பிடித்தீர்கள். அந்த வழக்கு தனி. 1915இல் மேற்கு வர்ஜீனியாவைச் சுமார் 1.24 கோடி டாலர் தரச் சொன்னார்கள். அடைத்து முடிக்க 1939 ஆயிற்று.

பெரியப்பா: அப்படியானால் வில்லங்கம் இருந்திருக்கிறது. அந்த வீலிங் கட்டடம் இருக்கிறதா?

கார்த்தி: இருக்கிறது. அப்போது சுங்க அலுவலகம், இப்போது அருங்காட்சியகம். மத்தியானம் போகிறேன்.

பெரியப்பா: கையெழுத்துப் போட்ட பக்கம் ஏதாவது கண்ணாடிக்குள் இருந்தால் போட்டோ அனுப்பு. சாட்சி யார் என்று பார்க்க வேண்டும்.