புதுப்பிப்பு: ஜெபத்தில் சந்தோஷம் இல்லை என்று கேட்டிருந்தேன்

போன மாதம் இங்கே கேட்டவன்தான். மார்த்தாண்டம் பக்கம், ரப்பர் பால் வெட்டுகிற வேலை. ஜெபிக்க உட்கார்ந்தால் மளிகைச் சீட்டு மாதிரி தேவைகளை ஒப்பித்துவிட்டு எழுந்துவிடுகிறேன், ஆண்டவரோடு பேசிய சந்தோஷமே இல்லை என்று எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மூன்று மணிக்கே எழுந்து ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்கச் சொன்னதை முதலில் செய்து பார்த்தேன். நாலாம் நாள் அப்படியே தூங்கிவிட்டேன். சரி, அது எனக்கானது இல்லை.

பலித்தது பாறசாலை அக்கா சொன்ன, பைபிளில் உள்ள 136-ஆம் சங்கீதம். 26 வசனங்கள், ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடியும். முதலில் படைப்பு, அப்புறம் எகிப்திலிருந்து விடுதலை, கடைசிக்கு முந்தினது எல்லா உயிருக்கும் ஆகாரம். அக்கா சொன்னபடி நடுவில் என் சொந்த வரிகளைச் சேர்த்தேன். பால் வெட்டும்போதே, ஒரு மரத்துக்கு ஒரு நன்றி என்று: மகளின் காய்ச்சல் இறங்கியது, சிரட்டை நிறைய பால், அப்பாவோடு பேச்சு திரும்பியது. பத்து மரம் தாண்டினால் வாய் தானாகச் சிரிக்கிறது. தேவைகளையும் கேட்கிறேன், ஆனால் கடைசியில்.

எதிர்பாராதது ஒன்று. பக்கத்துத் தோட்டத்து கத்தோலிக்க அண்ணன், அவர்கள் விவிலியத்தில் அந்த இடத்தில் "பேரன்பு" என்று இருப்பதாகச் சொன்னார். கிருபை என்றால் எனக்கு மேலிருந்து இறங்கும் சலுகை. பேரன்பு வீட்டுக்குள் வந்துவிட்டது.

மழை நாளில் வெட்டு கிடையாது, ஜெபமும் விட்டுப்போகிறது. அதற்குத்தான் இன்னும் வழி தேடுகிறேன்.