ஸ்பிரிங் 6-க்கு மாறிய பிறகு, ஆஸ்பெக்ட் உள்ள கன்ட்ரோலர்களுக்கு மட்டும் டெஸ்டில் 404

கேள்வி

வணக்கம். ஒரு வெப் அப்ளிகேஷனை ஸ்பிரிங் பூட் 2.7-இலிருந்து 3-க்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். அதாவது உள்ளே ஸ்பிரிங் 5.3 போய் 6 வந்திருக்கிறது. ஜாவாக்ஸ் பேக்கேஜ்களை ஜகார்த்தாவாக மாற்றும் பகுதி முடிந்துவிட்டது. அப்ளிகேஷனை ஓட்டிப் பார்த்தால் எல்லா முகவரிகளும் சரியாகப் பதில் தருகின்றன. ஆனால் யூனிட் டெஸ்ட்களில் பாதிக்கு மேல் 404 என்று விழுகின்றன.

எங்கள் அமைப்பு இப்படி: ஒவ்வொரு கன்ட்ரோலரும் ஒரு இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் செய்கிறது. இன்டர்ஃபேஸ்கள், முகவரிகளை விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ கோப்பிலிருந்து தானாக உருவாகுபவை; எந்த முகவரி எந்த மெதடுக்கு என்று சொல்லும் ரிக்வெஸ்ட்மேப்பிங் அனோட்டேஷன்கள் அவற்றில்தான் இருக்கின்றன. ரெஸ்ட்கன்ட்ரோலர் அனோட்டேஷன் மட்டும் கிளாஸில். இதற்கு மேல் ஒரு ஆஸ்பெக்ட் (கன்ட்ரோலர் மெதடுகளின் அழைப்பை இடைமறித்து ஓடும் தனிக் கோடு) உண்டு. டோக்கனில் உள்ள வாடிக்கையாளர் எண்ணும் ஹெடரில் வரும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்து, இல்லையென்றால் கோரிக்கையை நிறுத்திவிடும்.

டெஸ்ட்கள் பூட்டைப் பயன்படுத்துவதில்லை. ஸ்பிரிங்ஜேயூனிட்வெப்கான்ஃபிக் வைத்து, எங்களுக்கு வேண்டிய கான்ஃபிகரேஷன் கிளாஸ்களை மட்டும் ஏற்றி, வெப் கான்டெக்ஸ்ட் வழியாக மாக்எம்விசி (உண்மையான சர்வர் இல்லாமலே கோரிக்கை அனுப்பிச் சோதிக்கும் கருவி) உருவாக்குகிறோம். டெஸ்ட் கான்ஃபிகரேஷனில் எனேபிள்வெப்எம்விசி, எனேபிள்ஆஸ்பெக்ட்ஜேஆட்டோப்ராக்ஸி இரண்டும் இருக்கின்றன.

இதுவரை கவனித்தவை: ஆஸ்பெக்ட் பீனை (பீன் என்பது ஸ்பிரிங் உருவாக்கி நிர்வகிக்கும் ஆப்ஜெக்ட்) எடுத்துவிட்டால் எல்லா டெஸ்டும் பாஸாகிறது. பாயிண்ட்கட்டுக்குள் (ஆஸ்பெக்ட் எந்த மெதடுகளுக்குப் பொருந்தும் என்ற விதிக்குள்) வராத ஹெல்த் கன்ட்ரோலருக்கு 200 வருகிறது. மாக்எம்விசியின் பிரிண்ட் வெளியீட்டில் ஹேண்ட்லர் டைப் நல் என்று காட்டுகிறது. எக்ஸெப்ஷன் எதுவும் கண்ணில் படவில்லை.

ஆஸ்பெக்ட் இல்லாமல் டெஸ்ட் செய்வது எங்களுக்கு ஒத்துவராது. ஒருவருடைய தரவு இன்னொருவருக்குப் போகாமல் தடுப்பதே அதுதான். எங்கே தேடலாம்?

பதில் 1

ஸ்பிரிங் 6-இல் முகவரியின் கடைசியில் வரும் சாய்கோட்டைக் கண்டுகொள்ளாமல் பொருத்தும் வழக்கம் இயல்பாக அணைக்கப்பட்டுவிட்டது. டெஸ்டில் சாய்கோட்டோடும் மேப்பிங்கில் அது இல்லாமலும் எழுதியிருந்தால் 404தான் வரும். முதலில் அதைப் பாருங்கள்.

கேட்டவர்

நன்றி. பார்த்துவிட்டேன், எங்கள் முகவரிகள் எதிலும் கடைசிச் சாய்கோடு இல்லை. அது காரணமாக இருந்தால், ஆஸ்பெக்டை எடுத்தபோதும் 404 தொடர்ந்திருக்க வேண்டும் இல்லையா?

பதில் 2

நீங்கள் கொடுத்த தடயங்களே விடை வரைக்கும் கொண்டுபோய்விடுகின்றன. ஆஸ்பெக்ட் இருந்தால் 404, இல்லாவிட்டால் 200, ஹேண்ட்லர் நல். ப்ராக்ஸி (ஆஸ்பெக்டை ஓட்ட உங்கள் ஆப்ஜெக்டுக்கு முன்னால் ஸ்பிரிங் வைக்கும் இடையாள்) வந்து உட்கார்ந்ததும் உங்கள் பீனை ஸ்பிரிங் எம்விசி கன்ட்ரோலராக அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். மேப்பிங்கே பதிவாகாததால் எக்ஸெப்ஷனும் இல்லை.

ஏன் என்று பார்ப்போம். ஆஸ்பெக்ட்களை இயக்கும் ஸ்பிரிங் ஏஓபி இரண்டு விதமாக ப்ராக்ஸி செய்யும். ஒன்று ஜேடிகே டைனமிக் ப்ராக்ஸி. இது இன்டர்ஃபேஸை மட்டும் இம்ப்ளிமென்ட் செய்யும் ஒரு புதுக் கிளாஸ், உங்கள் கிளாஸோடு இதற்கு உறவே இல்லை. இன்னொன்று சிஜிலிப், இது உங்கள் கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்து ஒரு துணைக் கிளாஸ் உருவாக்கும். எனேபிள்ஆஸ்பெக்ட்ஜேஆட்டோப்ராக்ஸியை எதுவும் குறிப்பிடாமல் போட்டால் ப்ராக்ஸிடார்கெட்கிளாஸ் ஃபால்ஸ்தான். அப்போது இன்டர்ஃபேஸ் உள்ள கிளாஸுக்கு ஜேடிகே ப்ராக்ஸி கிடைக்கும். ஆனால் ஸ்பிரிங் பூட் 2.0-இலிருந்து, அதாவது 2018-இலிருந்து, தன் ஆட்டோ கான்ஃபிகரேஷனில் சிஜிலிப்பையே இயல்பாக வைத்திருக்கிறது. ஆக, உங்கள் அப்ளிகேஷன் ஓடுவது சிஜிலிப்பில், டெஸ்ட் ஓடுவது ஜேடிகே ப்ராக்ஸியில். இந்த வித்தியாசம் உங்களிடம் மேம்படுத்தலுக்கு முன்பே இருந்திருக்கிறது.

அப்படியானால் 5.3-இல் எப்படி ஓடியது? அப்போது ஒரு பீன் கன்ட்ரோலரா என்று பார்க்கும்போது, கன்ட்ரோலர் அனோட்டேஷன் அல்லது டைப் மேல் உள்ள ரிக்வெஸ்ட்மேப்பிங், இரண்டில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். ஜேடிகே ப்ராக்ஸியில் உங்கள் கிளாஸின் ரெஸ்ட்கன்ட்ரோலர் தெரியாது, ஆனால் இன்டர்ஃபேஸ் மேல் இருந்த ரிக்வெஸ்ட்மேப்பிங் தெரிந்தது. அதை வைத்துக் கண்டுபிடித்துவிட்டது. 2022 நவம்பரில் வந்த 6.0-இல் இந்த இரண்டாவது வழியை எடுத்துவிட்டார்கள். இன்டர்ஃபேஸ் அடிப்படையிலான ப்ராக்ஸி கன்ட்ரோலர்களுக்கு வேலை செய்யாமல் போகலாம் என்று மேம்படுத்தல் குறிப்புகளிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

உறுதிப்படுத்திக்கொள்ள, டெஸ்டுக்குள் அந்த பீனைப் பெயர் சொல்லி எடுத்து, ஏஓபியூட்டில்ஸில் உள்ள இஸ்ஜேடிகேடைனமிக்ப்ராக்ஸி மெதடிடம் கொடுத்துப் பாருங்கள். கிளாஸ் டைப் சொல்லிக் கேட்டால் அப்படி ஒரு பீனே இல்லை என்று பிழை வரும். அதுவும் இதே அறிகுறிதான்.

சரி, தீர்வு. மூன்று வழிகள் தெரிகின்றன. டெஸ்ட் கான்ஃபிகரேஷனில் ப்ராக்ஸிடார்கெட்கிளாஸை ட்ரூ ஆக்கலாம். ஒரே சொல் மாற்றம், உடனே ஓடும். இன்டர்ஃபேஸ் மேல் கன்ட்ரோலர் அனோட்டேஷன் போடலாம். இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்களுடையது தானாக உருவாகும் கோடு என்பது ஒருபுறம், டெஸ்ட் கான்ஃபிகரேஷன் சரியில்லாததற்காக அப்ளிகேஷன் கோடை வளைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்றாவது, நான் செய்வது: எனேபிள்ஆஸ்பெக்ட்ஜேஆட்டோப்ராக்ஸி வரியையே டெஸ்டிலிருந்து நீக்கிவிட்டு, இம்போர்ட்ஆட்டோகான்ஃபிகரேஷன் மூலம் பூட்டின் ஏஓபிஆட்டோகான்ஃபிகரேஷனை உள்ளே கொண்டுவாருங்கள். நாளைக்கு பூட் தன் இயல்பை மாற்றினாலும் டெஸ்டும் கூடவே மாறும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங்ஜேயூனிட்வெப்கான்ஃபிக் தானாக அப்ளிகேஷன் ப்ராபர்ட்டீஸ் கோப்பைப் படிக்காது. யாராவது அந்தக் கோப்பில் ப்ராக்ஸி-டார்கெட்-கிளாஸை ஃபால்ஸ் என்று மாற்றியிருந்தால் டெஸ்டுக்குத் தெரியாது. கோப்பைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பதில் 3

மேலே சொன்ன காரணத்தோடு முழுக்க ஒத்துப்போகிறேன். இருந்தாலும் இவ்வளவையும் ஒரே கான்டெக்ஸ்டில் ஏற்ற வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆஸ்பெக்டின் தர்க்கத்தைத் தனியாகச் சோதிக்க ஆஸ்பெக்ட்ஜேப்ராக்ஸிஃபேக்டரி இருக்கிறது. டார்கெட் ஆப்ஜெக்டைக் கொடுத்து, ஆஸ்பெக்டைச் சேர்த்து, ப்ராக்ஸியை வாங்கிக்கொள்ளலாம். கான்டெக்ஸ்டே வேண்டாம், மிக வேகமாக ஓடும். பாயிண்ட்கட் பொருந்துகிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அந்த ப்ராக்ஸியையே மாக்எம்விசியின் ஸ்டாண்ட்அலோன் அமைப்புக்கும் கொடுக்கலாம். நாங்கள் இப்படித்தான் செய்கிறோம்.

பதில் 2

ஆஸ்பெக்டைத் தனியாகச் சோதிக்க அது நல்ல வழி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஃபேக்டரியும் டார்கெட்டுக்கு இன்டர்ஃபேஸ் இருந்தால் ஜேடிகே ப்ராக்ஸியைத்தான் தரும். செட்ப்ராக்ஸிடார்கெட்கிளாஸ் ட்ரூ என்று நாம் சொல்ல வேண்டும். அப்புறம், ஸ்டாண்ட்அலோனில் கன்ட்ரோலரை நாமே கையில் கொடுத்துவிடுகிறோம். இந்த பீன் கன்ட்ரோலரா என்று ஸ்பிரிங் தேடும் படியே அங்கே இல்லை. இவருக்கு வந்த 404 அந்த மாதிரி டெஸ்டில் வந்திருக்காது. ஒருவருடைய தரவை இன்னொருவரிடமிருந்து காக்கும் ஆஸ்பெக்ட் என்கிறார். அது உண்மையான இணைப்பில் வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஜேடிகே ப்ராக்ஸிதான். ப்ராபர்ட்டீஸ் கோப்பில் யாரும் எதையும் மாற்றவில்லை. ஏஓபிஆட்டோகான்ஃபிகரேஷனை இம்போர்ட் செய்தேன், 404 எல்லாம் போய்விட்டது.

ஆனால் ஒரு கன்ட்ரோலரில் இப்போது நல்பாயிண்டர்எக்ஸெப்ஷன் வருகிறது. இன்னும் வெளியீட்டுக்குப் போகாத புதுக் கன்ட்ரோலர் அது. கன்ஸ்ட்ரக்டர் வழியாக வந்த சர்வீஸ் ஃபீல்ட் நல் என்கிறது. டிபக்கரில் கன்ஸ்ட்ரக்டருக்குள் நிறுத்திப் பார்த்தால் சர்வீஸ் சரியாகவே வந்து சேர்கிறது. அதே கன்ட்ரோலரின் மற்ற மெதடுகள் ஒழுங்காக ஓடுகின்றன. 5.3-இல் இந்த டெஸ்ட் பாஸாகிக்கொண்டிருந்தது.

பதில் 2

அந்த மெதட் ஃபைனல் என்று இருக்கிறதா பாருங்கள்.

சிஜிலிப் துணைக் கிளாஸ் என்பதால் ஃபைனல் மெதடை அதனால் ஓவர்ரைட் செய்ய முடியாது. அழைப்பு உங்கள் உண்மையான ஆப்ஜெக்டுக்குப் போகாமல் ப்ராக்ஸி ஆப்ஜெக்டின் மேலேயே ஓடுகிறது. ஸ்பிரிங் 4-இலிருந்து ப்ராக்ஸியை ஆப்ஜெனிசிஸ் என்ற லைப்ரரி மூலம் கன்ஸ்ட்ரக்டரை அழைக்காமலே உருவாக்குகிறார்கள். அதனால் ப்ராக்ஸியிடம் உள்ள ஃபீல்டுகள் எல்லாம் நல். நீங்கள் டிபக்கரில் பார்த்த ஆப்ஜெக்ட் வேறு, அழைப்பு விழுந்த ஆப்ஜெக்ட் வேறு. ஜேடிகே ப்ராக்ஸி என்றால் ஃபைனலாக இருந்தாலும் டார்கெட்டுக்கே அனுப்பிவிடும். ஆகவேதான் பழைய டெஸ்ட் பாஸானது.

எனக்கு நல்பாயிண்டரை விடப் பெரிய கவலை ஒன்று உண்டு. ஃபைனல் மெதடில் ஆஸ்பெக்டும் ஓடாது. அந்த மெதட் எந்த ஃபீல்டையும் தொடாமல் ஒரு ஸ்டேட்டிக் உதவி மெதட் மூலம் தரவைத் திருப்பியிருந்தால் பிழையே வந்திருக்காது. வாடிக்கையாளர் எண் சோதனை நடக்காமலே 200 போயிருக்கும். அழைப்பு ப்ராக்ஸியின் மேலேயே ஓடுவதால், பிரைவேட்டாக எழுதப்பட்ட ஹேண்ட்லர் மெதடுகளுக்கும் இதே கதி.

கேட்டவர்

ஃபைனல்தான். எடுத்துவிட்டேன், டெஸ்ட் பாஸாகிறது. அந்த மெதடுக்குத் தவறான வாடிக்கையாளர் எண்ணோடு ஒரு கோரிக்கை அனுப்பும் டெஸ்டும் சேர்த்தேன். ஃபைனலை மறுபடி போட்டுப் பார்த்தால் அது விழுகிறது, எடுத்தால் 403 சரியாக வருகிறது.

இதை எல்லாக் கன்ட்ரோலர்களுக்கும் தானாகச் சரிபார்க்க வழி உண்டா? ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பதில் 3

ஆர்ச்யூனிட் (கோடின் அமைப்பு விதிகளை டெஸ்டாக எழுத உதவும் லைப்ரரி) பயன்படுத்துகிறீர்களா? ரெஸ்ட்கன்ட்ரோலர் உள்ள கிளாஸ்களில் ஃபைனல் மெதடோ, மேப்பிங் போட்ட பிரைவேட் மெதடோ இருக்கக் கூடாது என்று விதி எழுதி, மற்ற டெஸ்ட்களோடு ஓட்டலாம். அப்படி மாட்டும் ஃபைனல் மெதடைப் பற்றி ஸ்பிரிங்கும் லாகில் ஒரு வரி எழுதும், ஆனால் தொடங்கும்போது வரும் லாகை யாரும் வரி வரியாகப் படிப்பதில்லை.

பதில் 2

அதோடு, டெஸ்ட்களின் பொது அடிப்படைக் கிளாஸில், பாயிண்ட்கட்டுக்குள் வரும் எல்லாக் கன்ட்ரோலர் பீன்களையும் எடுத்து, ஒவ்வொன்றும் சிஜிலிப் ப்ராக்ஸிதானா என்று ஏஓபியூட்டில்ஸ் மூலம் உறுதிசெய்யும் ஒரு டெஸ்டை வையுங்கள். நாளைக்கு யாராவது பழைய வரியைத் திரும்பப் போட்டாலோ, பாயிண்ட்கட்டில் பேக்கேஜ் பெயர் மாறிப்போனாலோ, அந்த ஒரு டெஸ்ட் முதலில் விழும். பிழைச் செய்தியில் பீனின் கிளாஸ் பெயரையும் அச்சிடுங்கள். டாலர் ப்ராக்ஸி என்று இருந்தால் ஜேடிகே, நடுவில் சிஜிலிப் என்று இருந்தால் சிஜிலிப், வெறும் கிளாஸ் பெயர் என்றால் ஆஸ்பெக்டே படவில்லை.

கேட்டவர்

இரண்டையும் சேர்க்கிறேன். ஆர்ச்யூனிட் விதி இப்போதே இன்னொரு மாட்யூலில் ஒரு ஃபைனல் மெதடைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. அது ஃபீல்ட் எதையும் தொடாத மெதட். அதைத்தான் அடுத்துப் பார்க்கப் போகிறேன்.