புதிய ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப்: எதைக் கேட்டு வாங்கினீர்கள், எதைக் கேட்காமல் விட்டீர்கள்?

கோவை, பம்பு வடிவமைப்பாளர்:

பதினொரு ஆண்டுகளாக ஆழ்துளைக் கிணறுகளுக்கான நீர்மூழ்கிப் பம்புகளை வடிவமைத்து வருகிறேன். இந்த மாதம் புதிய மொபைல் ஒர்க்ஸ்டேஷன் (கனமான பொறியியல் வேலைகளுக்கான லேப்டாப்) வாங்க வேண்டும். கடந்த முறை எனக்கு நேர்ந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். உங்கள் அனுபவங்களையும் எழுதினால் ஆர்டர் கொடுப்பதற்கு முன் படித்துவிடுவேன்.

2022இல் கடையில் காட்டியவற்றில் மிக மெலிதானதை எடுத்தேன். இரண்டு கிலோகூட இல்லை. பவுண்டரிக்கும் அலுவலகத்துக்கும் தூக்கிக்கொண்டு போக வசதி. ரேம் 16 ஜி.பி. வேண்டுமென்றால் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன், யாரிடமும் கேட்கவில்லை. பம்பின் ஒரே ஒரு அடுக்கை (ஒரு சுழல்சக்கரமும் அதன் உறையும்) மட்டும் எடுத்து நீரோட்டம் கணக்கிடும்வரை எந்தக் குறையும் தெரியவில்லை. கணக்குக்காக நீர் ஓடும் இடத்தைச் செல்கள் என்னும் சிறு துண்டுகளாகப் பிரிப்போம். என் மாதிரியில் ஓர் அடுக்குக்குச் சுமார் 20 லட்சம் செல்கள் வரும். 10 லட்சம் செல்லுக்கு 1 முதல் 2 ஜி.பி. ரேம் என்பது நாங்கள் போடும் உத்தேசக் கணக்கு. மறு ஆண்டு ஒரு வாடிக்கையாளர் ஒன்பது அடுக்கையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தரச் சொன்னார். 180 லட்சம் செல்கள். ரேம் நிரம்பி, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யை ரேமாக நினைத்துக்கொண்டு இயந்திரம் திணறியது. மாலையில் தொடங்கிய கணக்கு மறுநாள் மதியம்வரை முடியவில்லை.

ரேம் வாங்கிக்கொண்டு பழுது பார்ப்பவரிடம் போனேன். அடிமூடியைத் திறந்து காட்டினார். சொருகும் இடமே இல்லை. எல்லாச் சில்லுகளும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தன. விலைப்பட்டியலில் ரேம் வகையாக "எல்பிடிடிஆர்5" என்று எழுதியிருந்ததன் பொருள் எனக்கு அன்றுதான் புரிந்தது. மெலிதான வகைகளில் அந்தப் பெயர் வந்தால் பெரும்பாலும் அது பற்றவைத்ததுதான். கழற்றி மாற்றும்படியான எல்பிகேம்2 இப்போது வந்துவிட்டது என்றாலும், அது இருக்கும் மாடல்கள் மிகக் குறைவு.

இரண்டாவது ஏமாற்றம் கிராபிக்ஸ் கார்டு. என்னுடையதும் நண்பர் ஒருவருடையதும் ஒரே ஆர்.டி.எக்ஸ். ஏ2000. முழு அசெம்பிளியைத் திரையில் சுழற்றினால் அவருடையதில் வழுக்கிக்கொண்டு போகும். என்னுடையதில் விட்டுவிட்டு நகரும். காரணம் வாட், அதாவது கார்டுக்குக் கொடுக்கும் மின்சார அளவு. அந்தக் கார்டை 35 வாட்டிலிருந்து 95 வாட் வரை எந்த அளவிலும் ஓட விட, கார்டு நிறுவனமான என்விடியா, லேப்டாப் தயாரிப்பாளருக்கு இடம் கொடுக்கிறது. உடல் மெலிந்தால் வெப்பம் வெளியேற வழி குறையும், அதனால் வாட்டையும் குறைத்துவிடுகிறார்கள். பெட்டியின் மேல் கார்டின் பெயர் மட்டும்தான் இருக்கும். பின்னர் வந்த ஆர்.டி.எக்ஸ். 2000 ஏடாவில் இந்த இடைவெளி இன்னும் பெரிது: 35 முதல் 140 வாட் வரை. வாட் எவ்வளவு என்று எழுத்தில் வாங்காமல் இனி நான் பணம் கொடுக்கப் போவதில்லை.

மதுரை, டிரோன் நில அளவையர்:

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் பழைய இயந்திரம்தான் கண்முன் வந்தது. ஆயிரக்கணக்கான படங்களை ஒட்டி நிலத்தின் உருவத்தை எழுப்புவது என் தொழில். ரேம் எவ்வளவு கொடுத்தாலும் தின்றுவிடும். அதனால் நான் நான்கு சொருகிடங்கள் உள்ள, மூன்று கிலோ கனக்கும் இயந்திரத்தைத்தான் வாங்கினேன். அதிலும் இரண்டு செய்திகளை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை.

ஒன்று, நான்கு இடமும் ஒரே பக்கத்தில் இருக்கும் என்று நம்பக் கூடாது. என்னுடையதில் இரண்டு அடிமூடிக்குள்ளும், இரண்டு விசைப்பலகைக்கு அடியிலும் இருந்தன. தொழிற்சாலையில் எந்தப் பக்கத்தை நிரப்பி அனுப்புகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலியானது விசைப்பலகைப் பக்கம் என்றால் பின்னால் கூட்டும்போது பாதி லேப்டாப்பைப் பிரிக்க வேண்டிவரும். இரண்டு, சொருகும் வகை ரேமான டிடிஆர்5இல் நான்கு இடத்தையும் நிரப்பினால் ரேமின் வேகம் குறைகிறது. அதனால் 64 ஜி.பி. வேண்டுமென்றால் நான்கு பதினாறு வேண்டாம். இரண்டு முப்பத்திரண்டாகக் கேளுங்கள். ஒரே ஒரு துண்டாகவும் வாங்காதீர்கள். ஒரு துண்டு என்றால் தரவுக்கு ஒரே ஒரு பாதைதான். போய்வரும் அகலம் பாதியாகிவிடும். உங்கள் நீரோட்டக் கணக்குக்கு அந்த அகலம் மிகவும் தேவை.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். களத்தில் காரில் உட்கார்ந்து வேலை பார்ப்பவன் நான். 100 வாட் யு.எஸ்.பி. சி சார்ஜரில் இது சார்ஜ் ஏறும், ஆனால் முழு வேகத்தில் ஓடாது. அதற்கு 230 வாட் அடாப்டர் வேண்டும், அது ஒரு செங்கல் கனம். பேட்டரியில் பெரியதையே கேளுங்கள். விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகும் வரம்பு 100 வாட்-மணி என்பதால் அதற்குச் சற்றுக் கீழே நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான் கிடைக்கும்.

சிவகாசி, அச்சக வடிவமைப்பாளர்:

நான் சொல்ல வருவது திரை. காலண்டர் வேலை செய்கிறோம். புது லேப்டாப்பில் அம்மன் படத்தின் பட்டுச்சேலை மங்கலாகத் தெரிந்தது. சிவப்பைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன். அச்சடித்து வந்த முதல் தாளைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. சேலை முழுவதும் ஒரே சிவப்புக் குழம்பு, ஜரிகையின் மடிப்பே தெரியவில்லை. படத்தில் குற்றமில்லை; குற்றம் திரையில். குறிப்பில் "45% என்.டி.எஸ்.சி., 250 நிட்" என்று இருந்தது, நான் படிக்காமல் விட்டுவிட்டேன். முதலாவது திரை காட்டும் நிறங்களின் அளவு, இரண்டாவது வெளிச்சம். 72 விழுக்காடு என்று இருந்தால்தான் அது ஏறத்தாழ முழு எஸ்.ஆர்.ஜி.பி. (வழக்கமான நிற வரம்பு) திரை. ஆர்டர் செய்யும்போது இந்த இரண்டுக்கும் இருந்த விலை வித்தியாசம் சொற்பம். பின்னால் திரையை மாற்ற விசாரித்தபோது சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, வெளித்திரை ஒன்றை வாங்கி மேசையில் வைத்துவிட்டேன்.

சென்னை, கட்டமைப்புப் பொறியாளர்:

அண்ணா, எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. தேவையில்லாதவற்றுக்குப் பணம் கொடுத்தேன். பிழை திருத்தும் இ.சி.சி. ரேமும் சர்வர்களுக்குப் போடும் ஜியான் வகைப் பிராசஸரும் 4கே திரையும் கொண்ட இயந்திரத்தை, எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று அலுவலகத்தில் கேட்டு வாங்கினேன். என் வேலையோ ரெவிட் என்னும் கட்டட வடிவமைப்பு மென்பொருளில் மாதிரி வரைவது. அதில் பெரும்பகுதி பிராசஸரின் ஒரே கோரில் (கணக்கிடும் அலகில்) ஓடுகிறது. அதிகக் கோர்களைவிட ஒற்றைக் கோரின் வேகம்தான் என் கையைப் பிடித்து இழுத்துப்போகிறது. பல நாள் இடைவிடாது ஓடும் கணக்குக்கு இ.சி.சி. நியாயம், எனக்கு இல்லை. 4கே திரையில் எங்கள் பழைய மென்பொருளின் பொத்தான்கள் கடுகளவுக்குச் சுருங்கின. மாலையானால் கண் எரியும். அடுத்த முறை 1920 × 1200 திரையே வாங்கினேன், நிம்மதி.

இயந்திரப் பாகங்கள் வரையும் சாலிட்ஒர்க்ஸ் மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். விளையாட்டு லேப்டாப் மலிவாக இருக்கிறதே என்று ஜீஃபோர்ஸ் கார்டு வாங்கினால், பாகங்களை நிஜம்போலத் திரையில் காட்டும் ரியல்வியூ வசதி முறைப்படி வேலை செய்யாது. சான்றளிக்கப்பட்ட கார்டு, டிரைவர் பட்டியலை அந்த நிறுவனமே வெளியிடுகிறது. நீங்கள் பார்க்கும் மாடல் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

நான் கொடுத்த பணத்தில் முழுப் பயனும் தந்தது மூன்று ஆண்டு நேரடிச் சேவை உத்தரவாதம். இரண்டாம் ஆண்டில், தளம் போடும் வாரத்தில், மதர்போர்டு செத்தது. மறுநாளே ஒருவர் கட்டுமான இடத்துக்கு வந்து தகரக் கொட்டகையில் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். சேவை மையத்துக்கு அனுப்பியிருந்தால் அந்த வாரத்தின் வரைபடங்கள் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

கோவை, பம்பு வடிவமைப்பாளர்:

அண்ணா, சகோதரி, சிவகாசி நண்பர், மூவருக்கும் நன்றி. நேற்று ஆர்டர் கொடுத்துவிட்டேன்.

நான்கு சொருகிடங்கள் உள்ள தடித்த உடல். மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ரேம் இரண்டு முப்பத்திரண்டு. அவை விசைப்பலகைப் பக்கம் இருக்க, அடிமூடிப் பக்கம் காலியாக இருக்கும் என்று விற்பனையாளரிடம் உறுதிப்படுத்திக்கொண்டேன். கிராபிக்ஸ் 8 ஜி.பி.; வாட் அளவைக் கேட்டதற்கு முதலில் மழுப்பினார்கள், மூன்றாவது மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்தார்கள். திரை 1920 × 1200, முழு எஸ்.ஆர்.ஜி.பி. பவுண்டரியில் நாளெல்லாம் பிளக் இருப்பதால் பேட்டரியில் மட்டும் அண்ணன் சொன்னதைக் கேட்காமல் சிறியதோடு நிறுத்திக்கொண்டேன்.

எஸ்.எஸ்.டி.யில் பணத்தை மிச்சம் பிடித்தேன். தொழிற்சாலையில் 512 ஜி.பி. மட்டும் போட்டு வருகிறது. இரண்டாவது இடம் காலி; 2 டி.பி. ஒன்றை வெளியில் வாங்கி நானே சொருகப் போகிறேன். மிச்சமான பணம் மூன்று ஆண்டு நேரடிச் சேவைக்குப் போய்விட்டது. நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண்ணில் பில் போட்டதால் 18 விழுக்காடு வரியை உள்ளீட்டு வரவாக (நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழிக்க) எடுத்துக்கொள்ள முடியும் என்று கணக்காளர் சொன்னார்.

கேட்ட அமைப்பில் தயாரித்து அனுப்புவதால் நான்கு வாரம் ஆகும் என்கிறார்கள். வந்ததும் அதே ஒன்பது அடுக்குப் பம்பைத்தான் முதலில் ஓட்டப்போகிறேன். எத்தனை மணி நேரத்தில் முடிகிறது என்பதை இங்கேயே எழுதுகிறேன்.